4,000 பார்கோடு ஸ்டிக்கர்களை உரித்தெடுத்த பிறகு எழுதுகிறேன்

கோயம்புத்தூரில் எங்களுடையது மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடை. அப்பா ஆரம்பித்து 31 வருஷமாகிறது. இம்பெல்லர், புஷ், பேரிங், மெக்கானிக்கல் சீல், கண்டன்சர், கிளாண்ட் கயிறு என்று 2,300 அயிட்டத்துக்கு மேல் இருக்கும். எது எந்த ரேக்கில், எத்தனை மிச்சம் என்பதெல்லாம் அப்பாவின் தலையிலும், 22 வருஷமாக எங்கள் கடையில் வேலை செய்யும் அண்ணனின் தலையிலும்தான் இருந்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி வீட்டில் இருந்த நாட்களில்தான் அதன் கஷ்டம் எனக்குப் புரிந்தது. இருக்கிறது என்று நம்பி ஆர்டர் எடுத்த சரக்கு இருக்காது. இல்லையென்று மறுபடி வாங்கிப் போட்ட சரக்கு மேல் ரேக்கில் தூசியோடு கிடக்கும். பிப்ரவரியில் எல்லாவற்றுக்கும் பார்கோடு போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன். அது ஒழுங்காக ஓட ஆரம்பித்தது ஜூன் கடைசியில். நடுவில் 43,000 ரூபாய் போனது, சீசன் போனது, என் தூக்கம் போனது. யாராவது ஒருத்தர் பிப்ரவரியிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் பாதிக்கு மேல் மிச்சமாகியிருக்கும். அந்த அரை மணி நேரப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தப்பு நம்பர் வைத்ததிலேயே நடந்தது. பொருளின் விவரமெல்லாம் பார்கோடு நம்பரிலேயே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். என்ன வகை, எந்த மோட்டார், என்ன அளவு, என்ன உலோகம் என்று எல்லாவற்றையும் சேர்த்து, நடுவில் சின்னக் கோடு (-) போட்டு, ஒவ்வொன்றுக்கும் 14 எழுத்து. ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அந்தப் பட்டியலைத் தயார் செய்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்து, எந்த வகைப் பார்கோடு என்ற கேள்வி வந்தது. கோட் 39 என்ற வகைக்கு இலவசமாக எழுத்துரு கிடைத்தது. கம்ப்யூட்டரில் ஏற்றி, எழுத்தைத் தட்டி, அந்த எழுத்துருவுக்கு மாற்றினால் கோடுகளாகிவிடும். முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் போட வேண்டும். அது இல்லாவிட்டால் எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று ஸ்கேனருக்குத் தெரியாது. இவ்வளவு சுலபமா என்று சந்தோஷமாக இருந்தது.

9,500 ரூபாய்க்கு ஒரு சின்ன தெர்மல் பிரிண்டர், 2,800 ரூபாய்க்கு ஒரு லேசர் ஸ்கேனர், 38க்கு 25 மில்லிமீட்டர் ஸ்டிக்கர் ரோல். மேஜையில் வைத்து நாலைந்து அடித்துப் பார்த்தேன். ஸ்கேனரை ஒட்டினாற்போல் பிடித்தால் பீப் என்றது. அதை நம்பி மூன்று வாரம், சாயங்காலம் கடை அடைத்த பிறகு, இரண்டு பையன்களுக்கு ஓவர்டைம் கொடுத்து 4,000 ஸ்டிக்கரை ஒட்ட வைத்தேன். மார்ச் நடுவில் ஒட்டி முடித்தோம்.

எங்கள் தொழிலில் மார்ச், ஏப்ரல், மே என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கிணற்றில் தண்ணீர் இறங்கும், மோட்டார் காற்றை இழுத்து ஓடும், புஷ் தேயும், காயில் கருகும். காலை ஏழு மணிக்கே வாசலில் ஆள் நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில்தான் ஸ்கேனர் படிக்க மறுத்தது. மேஜையில் புதிதாக அடித்த ஸ்டிக்கரைப் படித்த அதே ஸ்கேனர், குடோனிலிருந்து வந்த ஸ்டிக்கரைப் பத்தில் நாலுதான் படித்தது. மற்றதெல்லாம் கையால் தட்ட வேண்டும். 14 எழுத்து! அதிலும் ஒரே வகைப் பொருளுக்கெல்லாம் முதல் எட்டு எழுத்து ஒரே மாதிரி இருக்கும், வித்தியாசம் கடைசியில்தான். அவசரத்தில் மனுஷன் முதல் நாலு எழுத்தைத்தான் பார்ப்பான். ஏப்ரல் இரண்டாவது வாரம் அன்னூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயிக்கு அப்படித்தான் வேறு அளவு புஷ்ஷைக் கட்டிக் கொடுத்துவிட்டோம். மெக்கானிக்கை வைத்து மோட்டாரை மேலே ஏற்றிப் பிரித்த பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. மறுநாள் பஸ் ஏறி வந்தவர் என்னைத் திட்டவில்லை. "வாழை காயுதுங்க தம்பி, சரியானதாப் பார்த்துக் குடுங்க" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து, இந்தக் கோடுகள் எப்படி வேலை செய்கின்றன என்று படித்தேன். விஷயம் இதுதான். ஒவ்வொரு பார்கோடுக்கும் மிக ஒல்லியான கோடு ஒன்று இருக்கும். மற்ற கோடும் இடைவெளியும் அதன் கணக்கிலேயே அமையும். என்னுடைய பிரிண்டர் 203 டிபிஐ, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. ஒரு புள்ளி 0.125 மில்லிமீட்டர். ஒல்லிக் கோட்டுக்குக் குறைந்தது இரண்டு புள்ளி, 0.25 மில்லிமீட்டர், கொடுத்தால்தான் சாதாரண ஸ்கேனர் நம்பிக்கையாகப் படிக்கும். கோட் 39ல் ஒரு எழுத்துக்கு ஒன்பது கோடும் இடைவெளியும் வரும், அதில் மூன்று தடிமன். தடிமனை மூன்று மடங்காக வைத்தால், அடுத்த எழுத்துக்கு விடும் இடைவெளியோடு சேர்த்து ஒரு எழுத்துக்கு 16 ஒல்லிக் கோட்டு அகலம் வேண்டும். என் 14 எழுத்து, இரண்டு நட்சத்திரம், ஆக 16 எழுத்து. 16ஐ 16ஆல் பெருக்கினால் 256. 256ஐ 0.25ஆல் பெருக்கினால் 64 மில்லிமீட்டர். என் ஸ்டிக்கரின் அகலமோ 38. மென்பொருள் என்ன செய்தது? கேள்வியே கேட்காமல் பாதியாகச் சுருக்கி, ஒல்லிக் கோட்டை ஒரே புள்ளியாக அடித்துக் கொடுத்தது. புதுசில் படித்தது. கொஞ்சம் தூசியும் கிரீஸ் கையும் பட்டதும் போய்விட்டது. ஸ்டிக்கர் ரோல் வாங்குவதற்கு முன்னால் இந்த ஒரு பெருக்கல் கணக்கைப் போட்டிருந்தால் போதும். உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், முதலில் ஸ்டிக்கரின் அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் எத்தனை எழுத்து என்று முடிவு செய்யுங்கள்.

இன்னொரு அடி பேப்பரிலிருந்து வந்தது. நான் வாங்கியது ரிப்பன், அதாவது மை தடவிய நாடா, இல்லாத நேரடி தெர்மல் பிரிண்டர். பேப்பரிலேயே சூடு பட்டால் கறுக்கிற பூச்சு இருக்கும். கூரியர் கவருக்கும் காய்கறி எடைச் சீட்டுக்கும் அது சரி. எங்கள் குடோனுக்குத் தகரக் கூரை. ஏப்ரல் வெயிலில் மேல் ரேக் ஸ்டிக்கர்கள் மொத்தமாகச் சாம்பல் நிறமாகிவிட்டன. கீழ் ரேக்கில் வேறு மாதிரி: கிரீஸ் பட்ட இடத்திலும், பிவிசி கவர்மேல் ஒட்டிய இடத்திலும் எழுத்து வெளுத்துப் போனது. ஆறு மாதத்துக்கு மேல் ரேக்கில் இருக்கப்போகிற பொருள் என்றால் ரிப்பன் போடுகிற பிரிண்டர்தான் வேண்டும். காகித ஸ்டிக்கருக்கு வேக்ஸ் (மெழுகு) ரிப்பன் போதும். எண்ணெய், மண்ணெண்ணெய் படுகிற பொருளுக்கு பாலியெஸ்டர் ஸ்டிக்கரும் ரெசின் (பிசின்) ரிப்பனும் போட்டால்தான் துடைத்தாலும் நிற்கும். நாங்கள் இப்போது பேரிங்குக்கும் சீலுக்கும் பாலியெஸ்டர், மற்றதற்குக் காகிதம் என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

இரண்டாவது முயற்சி மே மாதம். அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துவது. நாங்களே ஒன்பது வகை ரிப்பேர் கிட் கட்டி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறோம். ஸ்டிக்கர் அடித்துத் தருகிற ஒருவர், "கடையில விக்கிற எல்லாத்துலயும் இருக்கிறது 13 நம்பர் கோடுதாங்க, 890ல ஆரம்பிச்சு ஏதாவது போட்டுக்குங்க" என்றார். நானும் மேஜையில் கிடந்த ஒரு டார்ச் செல் அட்டையைப் பார்த்து, அதன் முதல் ஒன்பது எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, பின்னால் என் வரிசை எண்ணைச் சேர்த்தேன். கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண், முன்னால் இருக்கும் எண்களை வைத்துக் கணக்கிடுவது. மென்பொருளே போட்டுவிட்டது. ஸ்கேனர் அழகாகப் படித்தது. மூன்றாவது வாரம் பொள்ளாச்சியிலிருந்து போன் வந்தது. "ஏனுங்க தம்பி, உங்க கிட்டை ஸ்கேன் பண்ணுனா டார்ச் செல்லுனு பில்லு வருதுங்க. 680 ரூபா சாமானை 24 ரூபாய்க்குக் குடுத்துட்டான் பையன்." அவருடையது ஹார்டுவேர், எலக்ட்ரிகல் இரண்டும் சேர்ந்த கடை. அந்த செல் கம்பெனியின் எண்தான் நான் திருடிப் போட்டது. தெரியாமல் செய்தாலும் திருட்டுத்தான்.

அந்த 13 எண் ஈ.ஏ.என்-13 எனப்படும். 890 என்பது இந்தியாவின் ஜிஎஸ்1 அமைப்பு கொடுக்கும் எண்களின் தொடக்கம்; அதற்கடுத்த சில இலக்கங்கள் பதிவு செய்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி. பொருள் இந்தியாவில் செய்ததா என்றுகூட அது சொல்லாது, எண்ணை வாங்கியவர் எந்த நாட்டு அமைப்பில் பதிந்தார் என்று மட்டும் சொல்லும். உங்கள் பொருள் அடுத்தவர் கடையின் பில் மேஜைக்கோ ஆன்லைனுக்கோ போகிறதென்றால் ஜிஎஸ்1 இந்தியாவில் பதிந்து, பணம் கட்டி எண் வாங்குங்கள். வேறு வழி தேடாதீர்கள். உங்கள் கடைக்குள்ளேயே சுற்றுகிற பொருளுக்கு 13 எண்தான் வேண்டும் என்று மென்பொருள் அடம்பிடித்தால், 200 முதல் 299 வரை தொடங்கும் எண்கள் உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அதை யாரும் வெளியே பயன்படுத்த மாட்டார்கள், மோதல் வராது. பொள்ளாச்சிக்கும் மற்ற ஊர்களுக்கும் போன கிட்டுகளை எங்கள் செலவிலேயே திரும்ப வரவழைத்து, கவர் மாற்றி அனுப்பினேன். 6,300 ரூபாய். அந்தப் பையனின் சம்பளத்தில் பிடிக்கவேண்டாம் என்று சொல்லி, பில் வித்தியாசத்தை நான் கொடுத்தது அதில் சேர்ந்தது.

ஒவ்வொரு பார்கோடு வகையும் எங்கே பிறந்தது என்று பார்த்தாலே அது எதற்கு என்று தெரிந்துவிடும். மளிகைக் கடை பில் மேஜைக்காக வந்தது ஈ.ஏ.என் குடும்பம்; அமெரிக்காவின் ஒஹாயோவில் 1974 ஜூன் 26 அன்று ஒரு சூயிங்கம் பாக்கெட்டை ஸ்கேன் செய்ததுதான் அதன் முன்னோடியான யு.பி.சி பார்கோடின் முதல் விற்பனை. கோட் 39 தொழிற்சாலைக்காக வந்தது, எழுத்தும் எண்ணும் கலந்து போட. 1981ல் வந்த கோட் 128 அதே வேலையைக் குறைந்த இடத்தில் செய்கிறது. கியூஆர் கோடு 1994ல் ஜப்பானில் டென்சோ வேவ் கம்பெனி கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்கக் கண்டுபிடித்தது. இன்றைக்குப் பணம் கட்ட எல்லோரும் காட்டுகிற அந்தச் சதுரம் நம்மைப் போன்ற உதிரிபாகக்காரர்களுக்காகவே பிறந்தது என்று தெரிந்தபோது எனக்கு ஒரு தெம்பு வந்தது.

மூன்றாவது முறை அவசரப்படவில்லை. கோட் 128 எடுத்துக்கொண்டேன். ஆனால் அதற்கு முன் நம்பரை மாற்றினேன். அர்த்தமே இல்லாத ஆறு இலக்கம்: 100001, 100002 என்று வரிசையாக. கோட் 128ல் எண்கள் மட்டும் இருந்தால் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒரு எழுத்தின் இடத்தில் உட்காரும். ஆறு எண்ணுக்கு மூன்று இடம்தான். ஒரு இடத்துக்கு 11 ஒல்லிக் கோட்டு அகலம்; ஆரம்பம், முடிவு, உள்ளேயே இருக்கும் சரிபார்ப்பு எண் எல்லாம் சேர்த்து 35; மொத்தம் 68. ஒல்லிக் கோட்டுக்கு மூன்று புள்ளியே கொடுத்தாலும் 25.5 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் பத்துப் பத்து ஒல்லிக் கோட்டு அகலத்துக்கு வெள்ளை இடம் விட வேண்டும், அதற்கு 7.5. ஆக 33. அதே 38 ஸ்டிக்கரில் தாராளமாக உட்கார்ந்தது! பழைய கோட்டைவிட மூன்று மடங்கு தடிமன். கையை நீட்டி ஒரு அடி தூரத்திலிருந்தே பீப் என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இலக்கம் இரட்டைப்படையாக இருக்கட்டும், ஏழு என்றால் ஒற்றையாக நிற்கிற எண்ணுக்குத் தனி இடம் போகும். ஓரத்து வெள்ளை இடத்தில் கடைப் பெயரையோ விலையையோ நுழைக்காதீர்கள், படிக்காததற்குப் பாதிக் காரணம் அதுதான். எழுத்துருவையோ படத்தையோ இழுத்துப் பெரிதாக்காமல், லேபிள் மென்பொருளில் இருக்கும் பார்கோடு கருவியிலேயே புள்ளிக் கணக்கில் அளவு கொடுங்கள். படமாக ஒட்டி இழுத்தால் ஒரு கோடு இரண்டு புள்ளியும் பக்கத்துக் கோடு மூன்று புள்ளியுமாகக் கோணிவிடும்.

வெறும் எண்ணாக வைத்ததில் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. ஸ்கேனர் என்பது கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டு மாதிரிதான்; படித்ததைத் தட்டி, எண்டர் அடிக்கும். நாங்கள் பொருள் பெயரைத் தமிழில் போடுவதால் கீபோர்டு பல நேரம் தமிழில் இருக்கும். பழைய பார்கோடை ஸ்கேன் செய்தால் திரையில் சம்பந்தமில்லாத எழுத்துகள் விழும், நான் ஸ்கேனர் கெட்டுவிட்டது என்றே நினைத்திருந்தேன். எண்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஸ்ப்ரெட்ஷீட்டிலும் அப்படித்தான். 8-12 என்று புஷ் அளவைத் தட்டினால் அது டிசம்பர் 8ஆம் தேதியாகிவிடும், 075 என்பது 75 ஆகிவிடும், 13 எண் ஈ.ஏ.என் அறிவியல் குறியீடாகச் சுருங்கி நிற்கும். அந்த நெடுவரிசையை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டுங்கள். எங்கள் நம்பர் 000001ல் ஆரம்பிக்காமல் 100001ல் ஆரம்பிப்பதும் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகக்கூடாது என்பதற்காகத்தான்.

கண்டன்சர் உருண்டை. அதைச் சுற்றி ஸ்டிக்கர் ஒட்டினால் கோடுகளின் இரண்டு ஓரமும் வளைவில் மறைந்துவிடும். ஸ்டிக்கரைத் திருப்பி, கண்டன்சரை நிறுத்தி வைத்தால் கோடுகள் ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்படி ஒட்டினால் படித்துவிடும். அதற்கும் இடம் பற்றாத சின்ன சீல், ஓ-ரிங் பாக்கெட்டுக்கெல்லாம் கியூஆர். மிகச் சின்ன கியூஆர் 21க்கு 21 கட்டம், சுற்றிலும் நாலு கட்டம் வெள்ளை, ஒரு கட்டத்துக்கு மூன்று புள்ளி என்றால் 11 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கிவிடும். உள்ளே அதே ஆறு இலக்கம்தான், வேறெதையும் திணிக்காதீர்கள். ஆனால் லேசர் ஸ்கேனர் கியூஆரைப் படிக்காது. படம் பிடித்துப் படிக்கிற 2டி ஸ்கேனர் வேண்டும். முதலிலேயே அதை வாங்கியிருந்தால் 2,800 ரூபாய் வீணாகியிருக்காது.

பேரிங், கண்டன்சர் பெட்டிகளில் கம்பெனியே ஈ.ஏ.என் அடித்துத்தான் அனுப்புகிறது. முதல் முறை அதன்மேலேயே எங்கள் ஸ்டிக்கரை ஒட்டினோம், எவ்வளவு வீண் வேலை. பெரும்பாலான மென்பொருளில் ஒரு பொருளுக்கு இரண்டு பார்கோடு எண் வைக்க இடம் இருக்கும். கம்பெனி எண்ணை இரண்டாவதாகப் பதிந்துவிட்டால் போதும். எங்களுக்கு 700 அயிட்டத்துக்கு ஸ்டிக்கரே தேவைப்படவில்லை. வெளி அட்டைப்பெட்டியில் இருக்கும் 14 எண் பார்கோடை மட்டும் ஜாக்கிரதையாகப் பாருங்கள். அது முழுப் பெட்டிக்கான எண். தனி அயிட்டமாகப் பதிந்துவிட்டால் 20 கண்டன்சர் உள்ள பெட்டி ஸ்டாக்கில் ஒன்று என்று ஏறும்.

43,000 கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சும்மா கிடக்கும் முதல் பிரிண்டர் 9,500, லேசர் ஸ்கேனர் 2,800, வீணான ரோல் 3,400, கிட்டுகளுக்கு 6,300. மீதி 21,000மும் ஒட்டியதற்கும் உரித்ததற்கும் கொடுத்த கூலி. ஸ்டிக்கர் ஒன்றுக்குப் பைசாக் கணக்குத்தான், அதை ஒட்டுகிற கைக்குத்தான் காசு. அதனால் மூன்றாவது முறை 20 ஸ்டிக்கர் மட்டும் அடித்து, பத்து நாள் விட்டுவைத்தோம். நாலு தகரக் கூரைக்கு அடியில், நாலு பிவிசி கவர்மேல், நாலு கிரீஸ் தடவிய பேரிங் கவர்மேல், மீதி தினமும் கைமாறுகிற அயிட்டத்தில். மண்ணெண்ணெய் தொட்ட விரலால் தேய்த்தோம். சாயங்காலம் மங்கின வெளிச்சத்தில், அண்ணனையே ஸ்கேன் செய்யச் சொன்னேன், ஏனென்றால் தினமும் பிடிக்கப்போவது அவர் கை. 20ம் படித்த பிறகுதான் ரோல் வாங்கினேன்.

பார்கோடுக்குக் கீழே எண்ணைப் பெரிதாகவும், அதற்குக் கீழே "பேரிங் 6204" என்று தமிழில் பெயரையும் அடிக்கிறோம். ஸ்டிக்கர் கிழிந்தாலும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க அதுதான் உதவுகிறது. அவசரத்தில் எண்ணைக் கையால் தட்டுபவர் திரையில் வரும் பெயரோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் பில் போட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். நின்றுபோன அயிட்டத்தின் எண்ணை வேறு பொருளுக்குக் கொடுப்பதில்லை. அதற்கென்று கல்லாவில் ஒரு நீளநோட்டு இருக்கிறது, புது எண் எடுத்தால் அதில் தேதியோடு எழுத வேண்டும். நேற்று அப்பா எழுதிய கடைசி எண் 102341. பழைய ஸ்டிக்கர் மேல் ரேக்கில் இன்னும் 60 பெட்டிகளில் பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய்த் துணியோடு ஏறி அதையும் உரித்துவிட வேண்டும்.